எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்!

வாஷிங் மெஷின் பெல்ட்டில் ‘1270 ஜே5’ என்றிருந்தால், நீளம் 1270 மி.மீ., வரிகள் 5. ஆனால் கடைக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் அநாவசியம்: “எல்லா கம்பெனிக்கும் செட் ஆகும் சார்!”

மெஷினிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்பும் அப்படித்தான். பத்தில் ஏழு பொருத்தம் இருந்தால் கல்யாணமே நடந்துவிடும். இங்கே ஒன்பது பொருந்தியும் ஸ்குரூ ஓட்டை ஒன்று தள்ளியிருந்தால் பம்ப் உட்காராது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்கலாமென்றால், ஸ்டிக்கர் எப்போதோ சோப்புத் தண்ணீரில் அழிந்திருக்கும். “அந்த மாடலே இப்ப வர்றதில்லை. புதுசு பாக்குறீங்களா?” என்பார் ஷோரூம்காரர்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளமே தொடங்கிவிட்டது. உரிமை வந்தாயிற்று, உதிரிபாகம்தான் பாக்கி. எதற்கும், கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.