நகராத மைக்

வீட்டில் பதிவுசெய்த எலெக்ட்ரிக் கிட்டார் தகர டப்பாவில் மாட்டிய வண்டுபோல் இரைந்தால், நம்மவர் கை முதலில் போவது கிரெடிட் கார்டுக்கு. மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை ஓரமாகத் தள்ளினாலே கூர்மை மழுங்கி ஒலி கனக்கும். ஆனால் தள்ளுவதற்குத் தவணைத் திட்டம் இல்லையே, மதிப்பு எப்படி வரும்? ‘நல்ல கருவி வேண்டாமா?’ என்பார்கள். வேண்டும்தான். 1965இல் வந்த எஸ்எம்57 மைக்தான் இன்றும் பெரிய ஸ்டூடியோக்களில் ஆம்ப் முன் நிற்கிறது. ஆம்ப்பே இல்லையென்றால்? 1968இல் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்குக் கிட்டாரை நேரே மிக்ஸரில் செருகித்தான் அந்த உறுமலை எடுத்தார்கள். ‘அது அபே ரோடு ஸ்டூடியோ மிக்ஸர் ஐயா!’ நியாயமான ஆட்சேபம். ஆனால் ஸ்பீக்கர் பெட்டியைப் போலவே ஒலியை வடிகட்டும் மென்பொருள் இன்று இலவசம். அதையும் இறக்கி வைத்துக்கொண்டு, துருப்பிடித்த தந்தியை மாற்றாமல், அடுத்த பெடலுக்கு விலை விசாரிக்கிறார்கள்.