எலுமிச்சை அளவு புளி: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் சமையல் நூல் தெரிவு குறித்த ஓர் ஆய்வு

புதிதாகக் குடித்தனம் தொடங்குவோர் வாங்கத்தக்க அடிப்படைச் சமையல் நூல் எது என்னும் வினாவுக்கு விடை காண்பதற்கு முன், அத்தொடருக்கு இலக்கணம் வகுத்தல் ஆய்வு மரபாகும். சோறு, குழம்பு, ரசம், பொரியல் ஆகிய நான்கையும், தாயோ மாமியாரோ அருகில் இல்லாத வேளையில், வந்த விருந்தினர் பிறரிடம் சொல்லிச் சிரிக்காத அளவுக்கு ஆக்கி இறக்கத் துணைசெய்வது அடிப்படைச் சமையல் நூல் எனப்படும். கேக் அலங்காரம் இதன்பாற்படாது.

இவ்வகையில் மூலநூலாகக் கொள்ளத்தக்கது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. இதன் முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டமோ 1956இல்தான் வந்தது. ஆகவே நூல் பிறந்த காலத்து அடுக்களை, 8 ஆழாக்கு ஒரு படி என்றும் 40 பலம் ஒரு வீசை என்றும் கணக்கிட்டு வந்தது. ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி லிட்டர், பலம் ஏறக்குறைய 35 கிராம் என்பது அறிஞர் துணிபு. பிற்காலத்துச் சமையல் நூலார் 'கப்' என்னும் புதிய அளவையைப் புகுத்தியபோது, அது எவர் வீட்டுக் கப் என்பதைக் கூறாது சென்றமையால் ஆய்வுலகம் இன்னும் தத்தளிக்கிறது.

நூலின் அட்டை: வழவழப்பானது விலக்கத்தக்கது. படங்கள்: இவற்றில் கறிவேப்பிலை எக்காலத்தும் வாடுவதில்லை என்பதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

அளவு என்னும் இயலுள் தலையாய சிக்கல் 'எலுமிச்சை அளவு புளி' என்பதே. நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, சிறிய எலுமிச்சை அளவு, பெரிய எலுமிச்சை அளவு எனப் புளியின் அளவைகள் பலவாயினும், அந்தப் புளியைக் கொட்டையோடு உருட்டுவதா, நீக்கி உருட்டுவதா, இறுக்கி உருட்டுவதா, தளர உருட்டுவதா என்பதை நூலாசிரியர் பலரும் சொல்லாது விடுத்தனர். சுவடிதோறும் வேறுபடும் பாடங்களைப் பாடபேதம் என்பர், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது எதிர்கொண்ட அதே இடர்ப்பாடு இங்கும் உண்டு, அவருக்குப் புளி கரைக்க வேண்டிய கூடுதல் பொறுப்பு இருந்ததில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

பழம் கோடையில் சிறுத்து விலை ஏறுவதால் குழம்பும் கோடையில் புளிப்புக் குறைய வேண்டும் என ஒரு சாரார் வாதிடுவர் (மஞ்சக்குப்பம் மார்க்கெட், எலுமிச்சை விற்கும் அம்மாளின் வாய்மொழி, தூறல் தொடங்குமுன், சில்லறை தராததால் மேற்கோள் பாதியில் நின்றது). பழத்தின் பருமனை விடுத்துப் புளியின் வயதைக் கொள்க என்பர் மறுசாரார், பழம்புளி கருத்தும் புதுப்புளி சிவந்தும் இருப்பதை இவர்கள் சான்று காட்டுவர் (அத்தை, தொலைபேசிவழி, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, 'ஒரு கையளவு போடேன், என்ன ஆயிடப் போகுது' என்னும் தொடர் இடைச்செருகலாகலாம்). பழைய புத்தகக் கடையில் கிடைத்த பிரதியொன்றில், பெருங்காயம் மணக்கும் பக்கத்தின் ஓரம், பென்சிலால் 'பாதி போதும், மாமாவுக்கு ஆகாது' என எழுதப்பட்டிருப்பது உரையாசிரியர் மரபின் உச்சம். எனினும் அம்மாமாவின் காலம் நிறுவப்படாமையால் அதனை ஆதாரமாகக் கொள்ள இயலவில்லை.

புளியின் அளவைச் சோதித்தறிய ஏற்றது சிதம்பரம் கொத்சு. நடராசர் கோயிலில் நிவேதனமாகும் சம்பா சாதம் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்த சாந்தமான உணவாதலின், அதனோடு பரிமாறப்படும் கொத்சுவில் புளி சற்று மிகினும் உடனே வெளிப்பட்டுவிடும். கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைவோர்க்கும் எண்ணெயில் வதக்குவோர்க்கும் உள்ள பூசல் தனிநூலுக்கு உரியது. இங்குக் கருதத்தக்கது, 'எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை' என்று கண்ணுக்கும், 'பச்சை வாசனை போகும்வரை' என்று மூக்குக்கும் அடையாளம் சொல்லும் நூல் நம்பத்தக்கது என்பதும், அடுப்பின் தீயைக் கூறாமல் '10 நிமிடம்' என்று மட்டும் சொல்லிச் செல்வது ஐயத்துக்குரியது என்பதுமே. இவ்விருவகை நூல்களையும் ஒப்பிட்டு எழுதியோருள் எவரேனும் அடுப்புப் பற்றவைத்தனரா எனக் கேட்பது முறையன்று. ஒரு நூலைப் பற்றி எழுதுவோர் அதனைப் படித்திருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையே தளர்ந்துவிட்ட காலம் இது.

எஞ்சியிருப்பது கடலூர் முதுநகர்ப் பள்ளி. 'சமைத்துப் பார்' சைவ நூலாதலின் அத்துறைமுகப் பகுதியினர் அதனால் பயன்கொள்வது சிறிது. மீன் குழம்புக்கு நூல் வேண்டும் என்னும் கருத்தையே அவர்கள் ஒப்புவதில்லை. புளியைக் கரைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, போதாது எனின் இன்னும் கொஞ்சம் கரைப்பது அவர்தம் ஆய்வு நெறி. இம்முறைக்குப் பக்க எண் இல்லாமையால் இக்கட்டுரை இதனை ஏற்பதற்கில்லை.