வண்டி பார்க்க ஒரு மாமா

சொந்தத்தில் சம்பந்தம் பேச ஒருவர் இருப்பார். பாகப்பிரிவினைக்கு ஒருவர், ஆஸ்பத்திரியில் டாக்டரை எதிர்க்கேள்வி கேட்க ஒருவர். அதேபோல செகண்ட் ஹேண்ட் கார் பார்ப்பதற்கென்றும் ஒருவர் உண்டு. எங்கள் பக்கம் அது என் மனைவியின் தாய்மாமன். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஸ்பேனர் பிடித்தவரல்ல, டயர் பஞ்சரானால் தெருமுனைக் கடைப் பையனைத்தான் கூப்பிடுவார். ஆனாலும் கோவையில் எந்தக் கார் கன்சல்டிங் வாசலில் அவர் போய் நின்றாலும், உள்ளே இருப்பவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

மாமாவின் சட்டைப் பையில் நான்கு சாமான்கள் இருக்கும். சின்ன டார்ச், பென்சில், வெள்ளைக் கைக்குட்டை, ஒரு தக்காளி. தக்காளி என்றால் பிரிட்ஜ் கதவில் அழகுக்கு ஒட்டும் காந்தம். அத்தை ஆசைப்பட்டு வாங்கியது. பிரிட்ஜில் இருந்ததைவிட அது ஊரார் வண்டிக் கதவுகளில் இருந்த நேரம்தான் அதிகம்.

பெட்ரோல் வண்டி பார்க்கக் கூப்பிட்டால் மாமா வரமாட்டார். "அதுல பாக்கறதுக்கு என்ன மாப்ள இருக்குது? ஸ்டார்ட் ஆகும், ஓடும், நிக்கும்." டீசல் என்றால் முதல் நாளே கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போடுவார். அவருக்கு வேலைக்கும் பஞ்சமில்லை. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஊரே டீசல் கார் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசல் மேலிருந்த விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட, வித்தியாசம் இளைத்துக்கொண்டே வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி டீசலுக்கே கும்பிடு போட்டுவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய அத்தனை வண்டியும் இப்போது கன்சல்டிங் ஷெட்டுகளில், முன்கண்ணாடியில் விலை எழுதி நிற்கிறது. அதில் பாதிக்கு ஒரே எஞ்சின்: ஃபியட்காரன் செய்த 1,248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, புன்டோ எல்லாவற்றுக்குள்ளும் அதுதான். "எல்லாம் ஒரே அப்பன் புள்ளைங்க மாப்ள, இனிஷியல்தான் வேற" என்பார் மாமா.

எனக்கு ஒரு இன்னோவா பார்க்கப் போனோம். 2012 மாடல், சரவணம்பட்டிப் பக்கம், வீட்டு வண்டி. சொல்லாமல் போக வேண்டும், காலை 6 மணிக்கே போக வேண்டும் என்பது மாமாவின் சட்டம். நான்தான் மரியாதைக்கு முதல் நாள் இரவு போன் செய்து தொலைத்துவிட்டேன்.

மாமா வாசலில் செருப்பைக்கூட விடவில்லை. நேராகப் போய் புறங்கையை பானெட்டில் வைத்தார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி, தொட்டும் தொடாமலும். கல் காய்ந்திருந்தது.

"காலைல கோயிலுக்குப் போயிட்டு வந்தேனுங்க" என்றார் வண்டிக்காரர்.

"எந்தக் கோயில்ங்க?"

"பக்கத்துல பிள்ளையார் கோயில்தானுங்க."

மாமா நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்தே பிள்ளையார் தெரிந்தார்.

"ஆறட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணி நேரம். அந்த வீட்டில் இரண்டு டீயும் ஒரு ரவா உப்புமாவும் சாப்பிட்டோம். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமா சட்னி மறுபடி கேட்டார். இதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. சூடான டீசல் எஞ்சினை யார் சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும், கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் அது ஆறிக் கிடக்கும்போது போடும் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பழைய கார் விற்கிறவர்கள் எல்லோரும் விடியற்காலையில் திடீரென்று பக்திமான்களாகிவிடுகிறார்கள்.

பானெட்டைத் திறந்தால் உள்ளே எஞ்சின் பளபளவென்று இருந்தது. "வாட்டர் சர்வீஸ் பண்ணி வெச்சனுங்க." மாமா என் காதோடு சொன்னார்: "பொணத்தைத்தான் மாப்ள குளிப்பாட்டிப் பொட்டு வெப்பாங்க." கழுவாத எஞ்சினில் ஆயில் எங்கே கசிந்தது என்று தூசி காட்டிக்கொடுக்கும். கழுவியாயிற்று என்றால் சாட்சியைக் கலைத்தாயிற்று.

அடுத்ததுதான் மாமாவின் தனி ஆவர்த்தனம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். அதைத் தலைகீழாக அந்த ஓட்டையின் மேலேயே வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார். மூடி லேசாக நடுங்கினால் குற்றமில்லை. குதித்தால், கூடவே புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே வெடிக்க வேண்டியது கீழே இறங்கி ஆயில் பக்கமாக மூச்சு விடுகிறது என்று பொருள். பட்டறையில் இதற்குப் பேர் பேக் கம்ப்ரஷன். இந்த மூடி முதலில் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆடியது. பிறகு ஒரு எம்பு எம்பி பேட்டரி மேல் போய் விழுந்தது. வண்டிக்காரர் பிள்ளையார் கோயில் பக்கம் பார்த்தார்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். மாமா கிளம்பவில்லை. முடிவு தெரிந்த பிறகும் கடைசி பந்து வரை பார்க்கிறவர் அவர். சைலன்ஸர் வாயில் கைக்குட்டையைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுசாக எரியவில்லை. ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம், பேரம் பேசலாம். நீலம் என்றால் ஆயிலைக் குடிக்கிறது, பேசாமல் வீட்டுக்குப் போகலாம். எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. வீட்டுக்கு நடந்தே போகலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டார். அந்த இன்னோவாவுக்குப் பெல்ட், 1,248 சிசிக்குச் செயின். பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் அடித்துக்கொள்ளும், பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும். வண்டிக்காரர் "அதெல்லாம் மாத்தியாச்சுங்க" என்றார். "பில்லு?" என்றார் மாமா. பில் ஊரில் இருந்தது.

மீட்டர் விஷயத்தில் மாமா ரொம்பப் பொல்லாதவர். மீட்டர் 62,000 காட்டும். மாமா டார்ச்சை மீட்டருக்கு அடிக்க மாட்டார், கீழே பிரேக் பெடலுக்கு அடிப்பார். ரப்பரில் வரி தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். "11 வருஷத்துக்கு 62,000. நாளைக்கு 15 கிலோமீட்டர். டீசல் வண்டி வாங்கிப் பாலுக்கா போனாங்க?" கணக்கெழுதின கை அது. ஒரு டாக்டர் ஓட்டின வண்டி என்று யாராவது சொன்னால் உடனே எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வருகிற டீசல் வண்டிகளில் முக்கால்வாசி டாக்டர்கள் ஓட்டியவை. இத்தனை டாக்டர்கள் காரிலேயே இருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்பது அவர் சந்தேகம். டி போர்டாக ஓடிப் பிறகு ஓன் போர்டுக்கு மாறிய வண்டியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆர்.சி. புக்கே வேண்டாம். கூரையில் கேரியர் வைத்த தழும்பைத் தடவிப் பார்ப்பார், டிரைவர் சீட்டைவிடப் பின்சீட்டு நைந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

சென்னை வண்டி என்றால் முதல் காரியமாக சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த பழக்கம். தண்ணீரில் நின்ற வண்டிக்கு மேட் மாற்றலாம், சீட் கவர் மாற்றலாம், சென்ட் அடிக்கலாம். பெல்ட்டின் கடைசி ஒரு முழம் உள்ளேயே சுருண்டு கிடப்பதால் யாரும் கழுவ மாட்டார்கள். சேறு அங்கே கோடு போட்டு வைத்திருக்கும்.

காகிதம் பார்க்கும்போது மட்டும் மூக்குக் கண்ணாடி வரும். ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி மேல் கடன், இருக்கிறதா, இருந்தால் பேங்க்கில் என்.ஓ.சி. வாங்கி ஃபாரம் 35 கொடுத்தார்களா, பெயர் மாற்றுகிற ஃபாரம் 29-லும் 30-லும் இருக்கிற கையெழுத்து ஆர்.சி.க்காரருடையதுதானா, இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற எழுதிக்கொடுக்கத் தயாரா. சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவார். இந்த அரைமணி நேரம் அவர் முகத்தில் சங்கத்து நாட்களின் சந்தோஷம் தெரியும்.

இப்படி மாமாவோடு 11 வண்டி பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. இதில் அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "மாப்ள, நீங்க நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" வீட்டிலிருந்து ஆபீஸ் 6 கிலோமீட்டர், திரும்பி வர 6. இந்த ஓட்டத்துக்கு டீசல் வண்டி கட்டுப்படியாகாது. அதிலும் பி.எஸ். 6 டீசலை இப்படி ஊருக்குள்ளேயே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். எனக்கு டீசலே ஆகாது. இதை முதல் நாளே மாமா கேட்டிருந்தால் 11 வீட்டு உப்புமா மிச்சமாகியிருக்கும். கேட்டிருந்தால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வேலை என்ன?

போன மாசம் மாமா தன் எர்டிகாவை விற்க முடிவு செய்தார். 2014, டீசல், 1,38,000 கிலோமீட்டர். மீட்டரில் கை வைக்கவில்லை. அந்த வகையில் யோக்கியர். "ஒரு ஆள் கூட இருந்தா நல்லா இருக்கும் மாப்ள" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது காலை 7 மணி. எர்டிகா அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மாமா நெற்றி நிறைய திருநீறு.

வாங்க வந்தவர் இளைஞர். பின்னாலேயே ஒரு பெரியவர் இறங்கினார். சட்டைப் பையில் டார்ச். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெரியவர் யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ப் புறங்கையை பானெட்டில் வைத்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தேனுங்க" என்றார் மாமா.

"எந்தக் கோயில்ங்க?"

"மருதமலைங்க."

தூரமான கோயில். அனுபவம் என்றால் அதுதான்.

பெரியவர் ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்தார். மூடி அசையவில்லை. மாமா அதைப் பேரன் பரிசு வாங்கியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெரியவர் கைக்குட்டை பிடித்தார், சீட் பெல்ட்டை இழுத்தார், பெடலுக்கு டார்ச் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் மாமா "ம்… ம்…" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். விற்கிறவர் என்பது அவருக்கே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் பெரியவர் பையிலிருந்து வட்டமான கறுப்புக் காந்தம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கதவாக ஒட்டிப் பார்த்தார். பட்டி பூசிய கதவில் காந்தம் ஒட்டாது என்பது கணக்கு. இடது பின்கதவிலும் பட்டென்று ஒட்டியது. எனக்கு மூச்சு வந்தது. உக்கடத்தில் ஒரு டெம்போ உரசி, டிங்கரிங் செய்து, விரல்கனத்துக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த கதவு அது. மாமாவைத் தவிர எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும்.

"பாடி சுத்தம்" என்றார் பெரியவர் இளைஞரிடம். "பேசிக்கலாம்."

மாமாவுக்கு முகம் சுருங்கியது. நான் கண்ணால் வேண்டாம் என்றேன். பிரயோஜனமில்லை.

"ஏனுங்கண்ணா, அது ஸ்பீக்கர் காந்தமுங்களா?"

"ஆமாங்க."

"அது பட்டி மேலயும் ஒட்டிக்குமுங்க. வலு ஜாஸ்தி. இதுக்கு பிரிட்ஜ் காந்தந்தான் சரி." மாமா சட்டைப் பைக்குள் கை விட்டுத் தக்காளியை எடுத்து நீட்டினார். "இத அந்தக் கதவுல வெச்சுப் பாருங்க. கைப்பிடிக்குக் கீழ. இன்னுங் கொஞ்சம் அக்கட்ட."

தக்காளி கதவில் ஒரு நொடி நின்று, வழுக்கி, பெரியவர் காலடியில் விழுந்தது.

"பாத்தீங்களா மாப்ள?" என்று மாமா என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காபித் தம்ளர்களோடு வாசலுக்கு வந்த அத்தை, அப்படியே திரும்பி உள்ளே போனார்.