முக்கண் இறால் பேணியல்

இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றே. ட்ரையாப்ஸ் என்னும் முக்கண் இறாலை வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது ட்ரையாப்ஸை அன்று, மணலை. இது முரணாகத் தோன்றும். தோன்றினாலும் சான்றுகள் உள.

முதலில் பொருளின் இலக்கணம். ட்ரையாப்ஸ் நன்னீரில் வாழ்வது. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. விரல் நீளம் போனால் அதிகம். முதுகில் கவிழ்த்த அகப்பை போல் ஓர் ஓடு, அதன் அடியில் எழுபது இணை வரை கால்கள், பின்னால் நூலாய் இரட்டை வால். தலையில் இரண்டு கூட்டுக் கண்கள், அவற்றுக்கு இடையே சிறிதாய் இன்னொன்று. அது நெற்றிக்கண்ணோ எனின், அன்று. ஒளியை உணர்வதற்கு மேல் அதற்கு வேலையில்லை. யாரையும் எரித்ததாகச் செய்தியும் இல்லை.

கடையில் விற்கும் இதன் முட்டைப் பொட்டலத்தின் மேல் ‘டைனோசர் காலத்து உயிர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஜெர்மனியின் ட்ரையாசிக் காலப் பாறையில் கிடைத்த படிவத்தை 1938ல் ட்ரூஸ்ஹைம் என்பவர் இன்றைய ஐரோப்பிய இனத்தின் துணையினமாகவே வகைப்படுத்தினார். இருபது கோடி ஆண்டுகளாக மாறாத உயிர் என்ற புகழ் இப்படித்தான் வலுத்தது. 2013ல் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, இன்றைய இனங்களுக்கு அவ்வளவு வயதில்லை என்று காட்டியது: சட்டை பழையது, போட்டிருப்பவர்கள் புதியவர்கள். ஆகவே பொட்டலத்தின் கூற்று மெய்யும் அன்று, பொய்யும் அன்று; விளம்பர வழக்கு என்க.

இனி வளர்க்கும் முறை. பொட்டலத்தில் இருப்பது ஒரு சிட்டிகை மணல். மணலோடு கலந்திருக்கும் முட்டைகளைக் கண் பிரித்தறியாது. நம்பித்தான் கொட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோ சுத்தமான மழைநீரோ வேண்டும். ஏன் எனின், இவை மழைக்குட்டைவாசிகள். உப்பு குறைந்த நீர் பட்டால்தான் மழை வந்துவிட்டது என்று முட்டை நம்பும். வெளிச்சமும் இருபத்தைந்து டிகிரி அளவு வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தண்ணீரில் புள்ளிகள் துள்ளும்.

இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்குமே என்று முதல் நாளே தீனியை அள்ளிப் போடுவார்கள், தண்ணீர் அழுகும், பிள்ளைகள் போய்ச் சேரும். தொடக்கத்தில் நீரிலுள்ள நுண்ணுயிர்களே அவற்றுக்குப் போதும். மூன்றாம் நான்காம் நாளில் மீன் தீனியைப் பொடித்து நுனிவிரலால் தூவலாம். வளர்ந்தபின் கேரட் சீவலும் தின்னும், உடன்பிறந்தாரையும் தின்னும். எண்ணிக்கை குறையும், பிணம் கிடைக்காது. இதற்குக் காவல் நிலையம் போகத் தேவையில்லை.

அடிக்கடி சட்டை உரிக்கும். உரித்த ஓடு மிதப்பதைக் கண்டு புதியவர் கலங்குவார். வீட்டார் துக்கம் விசாரிப்பார்கள். இறந்தவரோ அடியில் மணலைக் கிளறிக்கொண்டிருப்பார். இரண்டு வாரத்தில் முட்டையிடும் பருவம். துணை வேண்டாமா எனின், பல இடத்துக் குடிகளில் வேண்டியதில்லை. ஒன்றே மிஞ்சினாலும் வம்சம் தழைக்கும். ஜாதகம் பார்க்கும் செலவும் மிச்சம்.

இரண்டு மூன்று மாதத்தில் அதன் கதை முடிகிறது. வளர்ப்பவரின் கடமை அப்போதுதான் தொடங்குகிறது. தண்ணீரை இறுத்து, மணலைச் சில வாரம் நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததை மறுபடி நனைத்தால் எல்லா முட்டையும் பொரியாது. சில, இந்த மழை நிலைக்குமோ என்று ஐயுற்று அடுத்ததற்காகக் காத்திருக்கும். காத்திருப்பதில் அவை கெட்டிக்காரர்கள். ட்ரையாப்ஸ் முட்டையைக் கொல்லக் கொதிநிலையே வேண்டும் என்று 1968ல் ‘சயின்ஸ்’ இதழில் கார்லைல் என்ற ஆய்வாளர் எழுதினார். அரிசோனாவின் வுபட்கியில் பழங்குடியினர் கட்டிய பழைய பந்தாட்டக் களம் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் பெய்த மழையில் அந்த வட்டச் சுவருக்குள் தண்ணீர் தேங்க, பாலைவனத்தின் நடுவே இவை நீந்தின. உயிராகத் திரிவது இரண்டு மூன்று மாதம், மணலாகக் கிடப்பது பல ஆண்டு. இவ்விரண்டில் எது அதன் இயல்பு, எது இடையில் வந்த விருந்து என்பதைக் கற்றோர் உய்த்துணர்க.

அற்றன்று, நீந்துவதே உயிர், மணல் வெறும் பொதி என்பாரும் உளர். அவர்கள் மூன்று மாதம் வளர்ப்பவர்கள். அடுத்த பொட்டலத்துக்குக் காசு கொடுப்பவர்கள்.

மிஞ்சிய மணலை வயலில் கொட்டலாமா? இதில் வழக்கு இரண்டுபட்டுக் கிடக்கிறது. கலிபோர்னியாவில் நீர் நிறுத்திய வயலில் விமானத்திலிருந்து நெல்லைத் தூவுகிறார்கள். வேர் பிடிக்காத இளம்பயிரை ட்ரையாப்ஸ் கிளறிப் பிடுங்கிவிடுகிறது, சேற்றைக் கலக்கி வெளிச்சத்தையும் மறைக்கிறது. அங்கே அது பூச்சிகளோடு பட்டியலிடப்பட்ட குற்றவாளி. ஜப்பானில் வேரூன்றிய நாற்றை நடுகிறார்கள். அதே ட்ரையாப்ஸ் அதே கிளறலைச் செய்ய, களைமுளைகள்தான் பிடுங்கப்படுகின்றன; அங்கே அது சம்பளம் வாங்காத களையெடுப்பாள். செய்த செயல் ஒன்றே ஆதலின் தீர்ப்பை உழவரின் நடவுமுறையே வழங்கியது. நம் முட்டையோ எந்த வயல் என்று கேட்டுக்கொண்டு பொரிவதில்லை. எனவே கொட்டற்க, குளத்திலும் ஆகாது.

காய்ந்த மணலைக் காகித உறையில் இட்டு, ஈரம் படாத அலமாரியில் வைக்கவும். உறைமேல் ‘குப்பை அன்று’ என்று பெரிதாக எழுதுக. வீடு பெருக்குபவர் இக்கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்.