மாதக் கடைசி நாவியல்: தொண்டை நாட்டுக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019 நவம்பர் 29 அன்று. அதன் ஏரிகளையும் எல்லைகளையும் பற்றி அறிக்கைகள் பல உண்டு. கையில் நூறு ரூபாயும் மனதில் ராஜபோஜனமுமாக அங்கே அலையும் மனிதரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எல்லா ஆய்வேடுகளும் முதல் பக்கத்தில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்கும். இதுவும் கண்டுபிடித்திருக்கிறது, அது வயிற்றில் இருக்கிறது.

சிக்கன ரசிகர் நால்வகையினர். முதலாமவர் காட்சியுண்ணி: மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் சிங்கி இறாலை நெடுநேரம் பார்த்து, விலை கேட்டு, சுண்டல் வாங்கித் திரும்புபவர். இரண்டாமவர் பந்தியுண்ணி, முகூர்த்த நாளாதலால் பேட்டிக்குக் கிடைக்கவில்லை. மூன்றாமவர் ஏலவுண்ணி. நான்காமவர் காத்திருப்புண்ணி, இவர் கல்லில் இருக்கிறார். (பார்க்க: வீட்டுச் செலவு நோட்டு, மாதக் கடைசிப் பக்கம்.)

இத்துறையின் மூலநூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடியது. வறிய பாணன் ஒருவனைக் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பிவைக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதல் இதில் திணையைத் தேடினார்கள், அரச வரலாற்றைத் தேடினார்கள். வழியெல்லாம் என்ன கிடைக்கும் என்று பசித்தவனுக்குச் சொல்லும் சாப்பாட்டு வழிகாட்டியாகத்தான் பாணன் இதைக் கேட்டிருப்பான். எயினர் குடியில் சிவப்பரிசிச் சோறும் நாய் பிடித்த உடும்பின் வறுவலும். முல்லையில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருதத்தில் வெண்சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயை வெண்ணெயில் வதக்கி, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, பக்கத்தில் மாவடு. பாணனின் செலவு பூஜ்யம்.

உச்சம் துறைமுகத்தில் வருகிறது. பிரான்சில் வாத்தின் தொண்டைக்குள் தீனியைத் திணித்து, ஈரலைக் கொழுக்கவைத்து, ஃபுவா கிரா என்று யானை விலைக்கு விற்கிறார்கள். நீர்ப்பெயற்றுத் துறையை அடுத்த பட்டினத்திலோ ஆண் பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல் பல நாள் குழியில் நிறுத்தி, நெல்மா தின்னக் கொடுத்து வளர்த்தார்கள். அந்தக் கொழுத்த இறைச்சியைக் கள்ளோடு வழிப்போக்கனுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நீர்ப்பெயற்று என்பது மாமல்லபுரம்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பன்றியைப் பற்றி அவர்களுக்குள் சச்சரவு இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து வாதிடுகிறவர்களாக இருக்கலாம்.

நச்சினார்க்கினியரின் உரைமுறையும் இங்கே கைகொடுக்கும். ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பல அடி தள்ளி நிற்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்வது அவர் வழக்கம். அவ்வழியே இட்லிக் கடையில் வாங்கிய இரண்டாம் கரண்டிச் சாம்பாரை, வீட்டில் வடித்துவைத்த சோற்றோடு மாட்டிப் பொருள் கொள்க. (பார்க்க: மேற்படி நோட்டு, பின்னட்டை, பால் கணக்குக்குக் கீழே, வேறு கையெழுத்தில், எண்ணெய்க் கறை இடைச்செருகல்.)

இனி, பூனை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்பது தீராத வழக்கு. கீழே பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை நிற்கிறது, அருகே எலிகள். இதைப் போலித் தவம் என்பாரும் உளர். அது பொருந்தாது; போலியாயின் இந்நேரம் ஓர் எலி குறைந்திருக்க வேண்டும். பல்லவர் காலம் தொட்டு, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. எலி உள்ளூர்ச் சரக்கு, உயிரோடு இருப்பதால் புதியது, இடைத்தரகர் இல்லை, போக்குவரத்துச் செலவு இல்லை. நகரத்து உயர்தர உணவகங்கள் மெனு அட்டையில் பீற்றிக்கொள்ளும் தகுதிகள் அத்தனையும் அதற்கு உண்டு. ஆகவே இப்பூனை, மேசைக்குச் சாப்பாடு வரும் என்று நம்பி காத்திருக்கும் வாடிக்கையாளர், அதாவது நான்காமவரான காத்திருப்புண்ணி, என்பதே இவ்வாய்வின் துணிபு. (பார்க்க: மேற்படி நோட்டு, எழுதி அடித்த வரி. அடித்தது கணவரா மனைவியா என்பதில் அவ்வீட்டில் இரு கொள்கைகள். மாமியார் நடத்தும் மூன்றாம் கொள்கை அச்சேறவில்லை.)

எளிய சாப்பாடும் ராஜபோஜனமே என்பதை மறுப்போர்க்கு ஒரு சான்று. 2019 அக்டோபர் 11 மாலை, கடற்கரைக் கோயில் வளாகத்தில் பிரதமர் மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு விருந்தளித்தார். தக்காளி ரசம், அரைத்துவிட்ட சாம்பார், கடலைக் குருமா, கவுனி அரிசி அல்வா ஆகியவை பட்டியலில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. கவுனி அரிசிக்கு மட்டும் கொஞ்சம் கையைக் கடிக்கும். மற்றவை தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காயை வறுத்து அரைக்கத் தெரிந்த எந்தச் செங்கல்பட்டு வீட்டிலும் செவ்வாய்க்கிழமைச் சமையல். போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை.

எஞ்சியவர் ஏலவுண்ணி. காலையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் படகு ஏறியதும் வஞ்சிரத்தை வியாபாரிகள் ஏலத்தில் தூக்கிவிடுவார்கள். மத்தி, காரப்பொடி, நெத்திலி ஆகியவை கூறு கட்டப்படும். முள்ளைக் காரணம் காட்டி மத்தியை ஒதுக்குபவர்கள் வஞ்சிரத் துண்டுக்கு விலை கொடுக்கிறார்கள். புளியைச் சற்றுத் தூக்கலாக விட்டு மண்சட்டியில் வைத்த மத்திக் குழம்பின் முன் அந்தத் துண்டு நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அப்போது பெரிய மீன் விலை ஏறும். கரையோரம் போய்வரும் சிறு படகுகளின் பொடி மீன் வரும். இத்துறையில் முனைவர் பட்டம் நாடுவோர் விடியுமுன் வந்துவிடவும். பையும் சில்லறையும் கொண்டுவரவும்; மேற்கோள் தேவையில்லை.