கூடத்தில் தொங்கும் பாலம்

டவுன் பஸ்ஸில் மகளை இரண்டு வருடம் நான்கு வயதிலேயே நிறுத்திவைத்திருந்தவன் நான். கண்டக்டர் நெருங்கும்போது அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவன், அயல்நாட்டில் மானம் போகக் கூடாதென்று, லண்டனில் இறங்கிய முதல் நாளே இரண்டு பிள்ளைகளுக்கும் ஒழுங்காக டியூப் ரயில் டிக்கெட் எடுத்தேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. பெரியவர்களோடு வரும் பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே டிக்கெட்டே வேண்டாம் என்பதை மூன்றாம் நாள் மகள்தான் படித்துச் சொன்னாள். என் வாழ்நாள் நேர்மைக்கு ஆன செலவை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் சொல்லாமல் விட்டேன்.

டூர் கம்பெனி வேண்டாம், கைடு வேண்டாம், நானிருக்கிறேன் என்று கிளம்பிய பயணம் அது. மூன்று மாதம் ராத்திரி கண்விழித்து, மணிவாரியாக எக்செல் தாள் போட்டிருந்தேன். அதில் பசிக்கும் ஒண்ணுக்குப் போவதற்கும் கட்டம் இல்லை.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் கூடத்தில் பிரம்மாண்டமான டைனோசர் நிற்கும் என்று மகனிடம் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். ஏதோ பழைய புத்தகத்தில் பார்த்த படம். அந்த டைனோசரை எடுத்துவிட்டு, 2017-லேயே 25 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்த்த மகன், "மீனு" என்று அழ ஆரம்பித்தான். மீனில்லை கண்ணா, பாலூட்டி என்றேன். அழுகை கூடியது. சரியென்று டைனோசர் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே ஒரு டி-ரெக்ஸ் பொம்மை தலையை ஆட்டி உறுமுகிறது. டைனோசர் இல்லையென்று அழுதவன் இப்போது டைனோசர் இருக்கிறதே என்று அழுதான்.

கோவென்ட் கார்டன் கதையைத்தான் மனைவி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள். லெஸ்டர் ஸ்கொயரில் ரயில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். லிஃப்டுக்கு நல்ல கூட்டம். பக்கத்தில் படிக்கட்டு காலியாக இருந்தது. "பழநி மலையே ஏறினவங்க நாம" என்று சொல்லி முன்னால் நடந்தேன். மகள் ஏதோ போர்டைப் படித்தபடி பின்னால் நின்றாள். போர்டு படிக்க நேரமில்லை, வா என்றேன்.

அது சுருள் படிக்கட்டு. எப்போது முடியும் என்று தெரியாதது அதன் விசேஷம். எழுபதாவது படியில், பழநிக்கு நாம் விஞ்ச்சில்தானே போனோம் என்று மனைவி நினைவூட்டினாள். நூறு தாண்டியதும் மகன் என் தோளுக்கு வந்துவிட்டான். மொத்தம் 193 படி. பதினைந்து மாடிக்குச் சமம். அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தவும் என்பதுதான் அந்தப் போர்டு. மேலே வந்து மூச்சு வாங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே 260 மீட்டர்தான். லண்டன் டியூபிலேயே மிகக் குறைந்த தூரம் அதுதானாம். எங்கள் தெருமுனை மளிகைக் கடைகூட அதைவிடத் தூரம். நாலு பேரும் பொடிநடையாக வந்திருக்கலாம்.

கடைசி நாள் லண்டன் பிரிட்ஜ். எல்.கே.ஜி.யில் பாட்டுப் பாடியதிலிருந்து, அது விழுந்துவிட்டதா இல்லையா என்று மகனுக்குப் பார்க்க வேண்டும். மான்யுமென்ட் நிலையத்தில் இறங்கி, ஒரு மொட்டை கான்கிரீட் பாலத்தில் தேம்ஸைக் கடந்தோம். இது என்ன பாலம் என்று மனைவி கேட்டாள். "சும்மா, ஆபீஸ் போறவங்க பாலம். சீக்கிரம் வாங்க, லண்டன் பிரிட்ஜ் பாக்கணும்" என்று விரட்டினேன். கரையோரமாக நடந்து, இரண்டு கோபுரம் வைத்த அந்தப் பாலத்தின் முன்னால் எல்லோரையும் நிறுத்திப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விளக்கத்தோடு போட்டேன். நாற்பது கட்டைவிரல் வந்த பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, இதுல டவர் பிரிட்ஜ்னு எழுதியிருக்கு."

நான் விரட்டிக் கடக்கவைத்த மொட்டைப் பாலம்தான் லண்டன் பிரிட்ஜ். 1973-இல் திறந்தது. அதற்கு முன்பிருந்த கல் பாலத்தை 1968-இல் மெக்கல்லக் என்ற அமெரிக்கத் தொழிலதிபருக்கு விற்றுவிட்டார்கள். அவர் அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய் அரிசோனாவில் நிறுத்தினார். டவர் பிரிட்ஜ் என்று நினைத்துத்தான் அவர் ஏமாந்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. இல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். மறுக்காமல் இருந்திருந்தால் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்திருப்பார்.

குழுவில் திருத்தம் போடலாம் என்று நினைத்து, ஊருக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். போனால், மாமனார் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் எழுந்து போய்க் காட்டுகிறார். "லண்டன் பிரிட்ஜ். ஆயிரம் வருஷம் ஆச்சாம். மாப்பிள்ளைதான் எல்லாத்தையும் வெவரமா எழுதியிருந்தார்." டவர் பிரிட்ஜ் திறந்தது 1894-இல். ஆயிரம் வருடம் என் விளக்கத்தில் இருந்ததுதான்.

ஒவ்வொரு முறையும் மகள் வாயைத் திறப்பாள். நான் அவசரமாக, தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டு வா பாப்பா என்பேன். இப்போது ஒரு தடவைக்கு ஒரு குல்ஃபி என்று பேசி முடித்திருக்கிறோம். போன வாரம் மகனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.