ஆறு தந்தி பேஸ் கிட்டார் கொள்முதல்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆறு தந்தி பேஸ் கிட்டார் என்பது வழக்கமான நான்கு தந்தி பேஸின் அடியில் ஒரு தந்தியும் உச்சியில் ஒரு தந்தியும் கூட்டிய கருவி. தடித்ததிலிருந்து மெல்லியதற்கு பி, இ, ஏ, டி, ஜி, சி எனச் சுருதி வைக்கப்படும். லியோ ஃபெண்டர் 1951-ல் சந்தைக்குக் கொண்டுவந்த பேஸுக்குத் தந்தி நான்குதான். கிட்டார் குடும்பத்தில் மற்றவர்க்கெல்லாம் ஆறு இருக்க, கனத்த குரலுக்குரிய இதற்கு மட்டும் நான்கு ஏன் என்று வழக்காடியவர் அமெரிக்கக் கலைஞர் அந்தோணி ஜாக்சன். அவருக்காக கார்ல் தாம்ஸன் 1975-ல் ஆறு தந்தியில் ஒன்றைச் செய்து கொடுத்தார். அன்று ஒருவருக்கென்று செய்யப்பட்டது இன்று மாதத் தவணையில் கிடைக்கிறது. ஆகவே செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள பேஸ் வாசிப்பாளர்களிடையே, வாங்கலாமா கூடாதா என்னும் ஐயம் தோன்றியிருக்கிறது.

தந்திக் கணக்கில் தகராறு இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிக் கடலோரமாகச் சென்ற சிறுபாணன் கையில் இருந்தது சீறியாழ். அதற்கு நரம்பு ஏழு. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையின் பாணர்க்குரியது பேரியாழ். அதற்கு இருபத்தொன்று என்பது மரபு. அந்நூல் கூறும் நீர்ப்பெயற்றுத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரமே என்பாரும் உளர். அவர் கூற்றை ஏற்றாலும் ஆறு என்ற எண்ணுக்கு இலக்கிய ஆதாரம் கிட்டவில்லை. கடற்கரைக் கோயிலை எடுப்பித்த இராசசிம்மனுக்கு ‘வீணாநாரதன்’ என்ற பட்டம் உண்டு. ஆயினும் அவன் வீணை வாங்குமுன் அந்தப்புரத்தில் அனுமதி பெற்றானா என்பது பற்றிக் கல்வெட்டுகள் மௌனம் சாதிக்கின்றன.

இவ்விடத்தில் வீட்டார் எழுப்பும் தடையை முதலில் எடுத்துக்கொள்வது முறை. வாங்க நினைப்பவர் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு சாதாரண கிட்டார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே சாய்ந்திருக்கும். அதற்கும் தந்தி ஆறு. நான்கு தந்தி பேஸ் கேட்டிருந்தால், “இது வேற, அது வேற” என்று விரலை விட்டு எண்ணிக் காட்டி நிறுவியிருக்கலாம். ஆறு கேட்டவர் அந்தச் சான்றைத் தாமே அழித்துக்கொள்கிறார். “அதான் ஒண்ணு சும்மா கெடக்குதே” என்ற கேள்விக்கு இசைக்கலை இதுவரை மறுப்பு கண்டதில்லை. முருகனுக்கு முகம் ஆறு, சுவை ஆறு என்று அடுக்குவதாலும் பயனில்லை. திருப்போரூருக்குக் காவடி எடுப்பதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை என்று விடை வரும்.

இனி அடித்தந்தியாகிய பி. இதன் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 31. இந்த ஒலியின் ஓர் அலை காற்றில் பதினோரு மீட்டர் நீளம்; செங்கல்பட்டில் வாடகைக்குக் கிடைக்கும் எந்த அறையிலும் அது முழுசாகப் படுக்காது. கைப்பேசியின் ஒலிபெருக்கிக்கு இது எட்டவே எட்டாது. ஆகவே கச்சேரியைப் படமெடுத்து உறவினர் குழுவில் பகிர்பவர், கருவியின் விலையில் ஒரு நல்ல பங்கை யாருக்கும் கேட்காதபடி பகிர்கிறார்.

அப்படியானால் பி வீண்தானா எனின், அன்று. மெல்லிசை மேடையில் பாட்டு எந்தச் சுருதியில் பதிவானதோ அந்தச் சுருதியிலேயே பாடப்படுவது அரிது. ஆடித் திருவிழாவில் பதினைந்தாவது பாட்டுக்கு வந்த பாடகர் “ஒரு கட்டை இறக்கிக்கலாம்” என்று திரும்பிப் பார்ப்பார். இ-யில் நின்ற பாட்டு டி-க்கு இறங்கும். நான்கு தந்திக்காரருக்கு இ-க்குக் கீழே நிலமில்லை. அவர் மேல் ஸ்தாயிக்குத் தாவினால் பாட்டின் அடிவயிறு காலியாகிவிடும். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பேஸ் எங்கே இறங்கும், எங்கே ஏறும் என்பதை முன்வரிசையில் இருப்பவரும் அறிவார். இங்கே பி தந்திக்கு நியாயம் உண்டு. இ தந்தியின் முறுக்காணியைச் சற்றுத் தளர்த்தினால் டி தானே வந்துவிடும், செலவு சல்லிக்காசில்லை என்று ஒரு சாரார் கூறுவர். அது உண்மைதான். ஆயினும் விரல் பழகிய இடமெல்லாம் மாறிப்போகும்; அடுத்த பாட்டுக்குள் திரும்ப முறுக்கவும் வேண்டும்.

விலை மலிவான கருவி கடிக்கும் இடமும் இந்தப் பி-யே. 34 அங்குலத் தந்தி நீளத்தில், மோசமாகச் செய்த கழுத்தில் அது தொளதொளத்து, சுரமாக ஒலிக்காமல் உறுமலாக ஒலிக்கும். கடையில் சோதிப்பவர் விரல் வித்தையை விட்டு இந்த ஒரு தந்தியை மட்டும் ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தி, பக்கத்துத் திறந்த இ-யோடு ஒத்துப்பார்த்தாலே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். மேலும் இ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் ஜி-யின் அதிர்வு 49. மின்வாரியம் அனுப்பும் மின்சாரத்தின் அதிர்வு 50. எர்த் சரியில்லாத மண்டபத்தில் ஆம்பைப் போட்டால் ஏறத்தாழ ஒரு ஜி இலவசமாக, இரவு முழுவதும், கொஞ்சம் சுருதி பிசகி ஒலித்துக்கொண்டிருக்கும். விலை குறைந்த கருவியின் உள் ஒயரிங் அதை வரவேற்று உபசரிக்கும்.

உச்சித் தந்தியாகிய சி-க்கு ஆய்வில் அதிக இடம் தேவையில்லை. அது கார்டு பிடிக்கவும் தனி ஆவர்த்தனம் செய்யவும் உரியது. இவ்வட்டாரத்தில் பேஸ் ஒலிக்கும் இடங்கள் தேவாலயப் பாடற்குழு, கோயில் திருவிழா மேடை, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் கல்யாண வரவேற்பு. மூன்றிலும் கீபோர்டுக்காரர் உண்டு. பேஸ்காரர் சி-யில் கைவைத்தால் அவர் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்றுண்டு; அது போதும். கோவளம் அலைச்சறுக்கு விழா மேடை போன்ற திறந்தவெளியில் சி-க்கு ஓரளவு வாய்ப்பு அமையலாம். அங்கே பி-யின் பங்கை வங்காள விரிகுடா எடுத்துக்கொள்கிறது.

கடற்கரை பற்றி இன்னொன்று. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பேஸ் தந்தியின் உள்ளே ஓடுவது எஃகு. நான்கு துருப்பிடித்த இடத்தில் ஆறு துருப்பிடிக்கும் என்பது எளிய கணக்கு. ஆறு தந்தி செட்டு உள்ளூர்க் கடையில் கிடைப்பதும் அரிது. 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிகல் கடைக்காக மின்சார ரயிலேறிச் சென்னை அண்ணா சாலைக்குப் போக வேண்டும், அல்லது கூரியரை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும். கழுத்தோ நட்டுப் பகுதியிலேயே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம். குட்டைவிரல்காரர் பி-யை எட்டும்போது கட்டைவிரல் விடைபெற்றுக்கொள்ளும். பெட்டியோடு திருக்கழுக்குன்றம் வழி பேருந்தில் ஏறினால் லக்கேஜ் டிக்கெட் பற்றிய பேச்சு தவறாமல் எழும்.

மேற்கண்ட வாதங்களைப் பகுத்தால் ஓர் உண்மை புலப்படும். ஆறு தந்திக்காகச் சொல்லப்படும் வலுவான காரணம் ஒவ்வொன்றும் அடித்தந்திக்கான காரணமே. அதைத் தருவது ஐந்து தந்தி பேஸ். ஒரு பேச்சுக்கு முப்பதாயிரம் ஒதுக்கியிருப்பவர் அதே பணத்தை ஐந்து தந்தியில் போட்டால், ஒரு தந்தி குறைந்த மிச்சம் நல்ல மரத்துக்கும் ஒழுங்கான ஒயரிங்குக்கும் போகும். எனவே மேடைக்கும் தேவாலயத்துக்கும் வாசிப்பவர் ஐந்து வாங்குக. கீபோர்டுக்காரர் இல்லாத குழுவினரும், வீட்டில் தனியே வாசிப்பவரும் ஆறு வாங்கலாம். ஆனால் பழைய கிட்டாரை முதலில் யாருக்காவது கொடுத்துவிட்டு வாங்குக.